வெட்டாத வசனம்

சங்கக்கடை மனேச்சர் சோமசேகரம் வீடியோப் படமொன்றுக்குக் கதை வசனம் எழுதி முடித்திருந்தார். வாசித்த நண்பர்கள் எல்லாரும், பேச்சு அதிகம், பாதியை வெட்டு என்றார்கள். எழுத்தையே விட்டுவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது.

கடைசியாகப் பக்கத்து வளவு மகாதேவிக்கு வாசித்துக் காட்டினார். பண்டத்தரிப்பில் ஜெனரேற்றர் வைத்துப் படம் காட்டும் கொட்டிலுக்கு அவள் போகாத நாளில்லை.

"தகப்பன் மகளுக்குப் புத்தி சொல்லுறது மட்டும் பதினைஞ்சு நிமிசம் வருது. வெட்டட்டோ பிள்ளை?"

"வெட்டாதேங்கோ அண்ணை. இன்னும் கொஞ்சம் கூட்டுங்கோ."

"சனத்துக்கு அலுக்காதோ?"

"உந்தச் சனத்தை எனக்குத் தெரியும். நீங்கள் பயப்பிடாமல் எழுதுங்கோ."

சோமசேகரத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு வரியையும் வெட்டாமல் படத்தை எடுத்து முடித்தார்.

முதற் காட்சிக்குக் கொட்டில் நிறைந்த கூட்டம். திரையில் தகப்பன் புத்தி சொல்லத் தொடங்கியதும் ஒவ்வொருவராக எழும்பி வெளியே போனார்கள். ஐந்து நிமிடத்தில் உள்ளே சோமசேகரமும் ரீவிப் பெட்டியும்தான் மிச்சம்.

மனம் உடைந்து அவரும் வெளியே வந்தார். வாசலில் சனமெல்லாம் மகாதேவியைச் சுற்றி நின்றது. அவள் வெறும் கடகப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, வழமையா நான் பாதிக் கச்சான் கடலையைத் திருப்பி வீட்டை கொண்டுபோறனான். இண்டைக்கு இடைவேளைக்கு முன்னமே எல்லாம் வித்திட்டுது. அடுத்த படம் எப்ப எழுதுவியள்?"