மடிக்கக் கூடாத துண்டு

“தொடாதே அதை!”

சங்கத்தின் மூத்தவள் போடில் போட்ட சத்தம், கடலுக்குள் நீண்ட மரப்பாலம் முழுக்கக் கேட்டது. ரிக்கெயின் கையிலிருந்து துண்டு நழுவியது. வாட்டர்கலர் ஓவியம் போல அல்லிக்குளம் அச்சிட்ட, வட்டமான குளியல் துண்டு.

“மழையில நனையுதேன்னு மடிச்சேன். வட்டமா இருக்கறதால மடியவும் மாட்டேங்குது. இதுக்குப் போயா இந்தக் கத்து கத்துறீங்க?”

“குளிர்காலக் குளியல் சங்கத்துக்கு நீ புதுசு. இங்க துண்டு கிடந்தா, ஆள் தண்ணியில இருக்குன்னு அர்த்தம். அது கிடக்கிற வரைக்கும் யாராவது ஒருத்தர் காத்திருக்கணும்.”

ரிக்கெ கடலைப் பார்த்தாள். “தண்ணியில யாருமே இல்லையே! யாரோடது இது?”

“என் பொண்ணு டிட்டேயோடது. தினமும் நான்தான் விரிச்சு வைக்கிறேன். போன வருஷம் அவ நீந்திக்கிட்டிருந்தப்போ, உன்னை மாதிரியே ஒருத்தி, நனையுதேன்னு இதை மடிச்சுப் பெட்டியில போட்டுட்டா. துண்டு இல்லைன்னதும் எல்லாரும் கிளம்பிட்டாங்க. டிட்டே கரைக்கு வரவே இல்லை.”

ரிக்கெ அவள் பக்கம் திரும்பினாள். “எந்தப் பாவி அவ?”

போடில் குனிந்து துண்டை எடுத்தாள். அவள் கைகள் தன்னால் அதன் விளிம்பை நாலு பக்கமிருந்தும் உள்ளே மடக்கி, நொடியில் கச்சிதமான சதுரமாக்கின.

“டிட்டே அன்னைக்குத்தான் இதைப் புதுசா வாங்கியிருக்கா. யாரோ மறந்துட்டுப் போனதுன்னு நினைச்சுத்தான் மடிச்சேன், அவளோடதுன்னு எனக்குத் தெரியாதே!”