இரண்டு பக்க வாக்குச்சீட்டு

மேசையின் தலைப்பக்கம் யூஜினி. அவளுக்கு வலப்பக்கம் மகன் றோய், அவனுக்கு அடுத்து மருமகள் செரீனா. இடப்பக்கம் தம்பி இக்னேசியஸ். இக்னேசியஸின் மனைவி வேரோனிக்கா மேசைக்கு வரவில்லை. வான்கோழி இறைச்சித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இருந்தாள்.

கனடாவில், றோயின் அஜின்கோர்ட் வீட்டில், ஐப்பசியில் வருகிற கனடியத் தாங்ஸ்கிவிங் மத்தியானம், ஆக மொத்தம் ஐந்து பேர். அதில் அமெரிக்கப் பிரஜைகள் இரண்டு பேர். வாக்குக் கேட்கப்பட்டது ஒருத்தியிடம் மட்டும்.

வெளிநாட்டில் இருக்கிற அமெரிக்கப் பிரஜை கடைசியாக அங்கே குடியிருந்த விலாசத்தில்தான் வாக்களிக்க வேண்டும். வேரோனிக்காவின் விலாசம் நியூஜேர்சி. அது எந்தப் பக்கம் போகும் என்று எல்லாரும் முன்பே முடிவு கட்டிவிட்டார்கள். யூஜினியின் விலாசம் பென்சில்வேனியாவில், ஈரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ரிவி வரைபடத்தில் பென்சில்வேனியா ஒரு கட்சியின் சிவப்பும் இல்லாமல் மற்றக் கட்சியின் நீலமும் இல்லாமல் இழுபறி மஞ்சளாகக் கிடந்தது.

அவளுடைய கைத்தொலைபேசியும் இன்னும் ஈரி இலக்கம்தான். காலையில் கோப்பி ஊற்றுவதற்குள் இரண்டு கட்சியும் பெயர் சொல்லிக் குறுஞ்செய்தி அனுப்பிவிடும். நேற்று மட்டும் பதினேழு. ஒரு கட்சி அவளை ஆம்பிளை என்று நினைத்து, வேட்டைத் துப்பாக்கியைப் பறிக்க விடமாட்டோம் என்று சத்தியம் செய்திருந்தது.

இக்னேசியஸ் சிவப்பு. எல்லைக்கு அங்காலும் இங்காலும் ட்ரக் ஓட்டுகிறவர், வழி முழுக்க அந்தப் பக்கத்து றேடியோ. றோய் நீலம். மிசிசாகா ஒபிசில் சாப்பாட்டு நேரத்தில் பார்க்கிற வீடியோக்களை அம்மாவுக்கு வட்ஸப்பில் அனுப்புவான். இரண்டு பேருக்கும் அங்கே வாக்கு இல்லை. போன ஞாயிறு பூசைக்கு ஒரே காரில் ஏறமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள்.

"அக்கா, முழு அமெரிக்காவும் உங்கட ஒரு வோட்டிலதான் நிக்குது. யோசிச்சுப் போடுங்கோ."

"மாமா, இஞ்சத்தை எலக்‌ஷனுக்கே நீங்கள் போகேல்லை. மழை எண்டனீங்கள்."

"என்னட்டையும் ஒண்டு இருக்கு," என்றாள் வேரோனிக்கா சோபாவிலிருந்து. "ஆருக்கும் வேணுமெண்டால் சொல்லுங்கோ. சும்மாதான் கிடக்குது."



செரீனா மட்டும் வேறு கதை கதைத்தாள். பேஸ்மென்ற் குளியலறைக்கு மாமிக்கு எந்த நிற மாபிள் பிடிக்கும் என்று கேட்டாள்.

யூஜினி, கணவர் செத்த கையோடு, குளிர் முடியும்வரை என்று சொல்லி வந்தவள். குளிர் மூன்று தரம் முடிந்துவிட்டது. ஈரிப் பக்கத்தில் அவளுடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. நத்தாருக்கு முதல் அதை விற்றுவிடுவோம் என்று றோய் சொன்னான். ஏஜென்ருக்குக் கொடுக்கிற பத்திரம் ஆவணியிலிருந்து பிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே நிற்கிறது. அவளுடைய கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்டால், தேர்தல் முடியட்டும் என்பாள்.

யூஜினி கிரேவிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வாக்குச்சீட்டை விரித்தாள். அறிவுறுத்தலை மூன்று தரம் வாசித்தாள். சோதனை எழுதுகிற பிள்ளை மாதிரி இடக்கையால் மறைத்துக்கொண்டு, கறுப்புப் பேனாவால் ஒரு வட்டத்தை நிரப்பினாள். இரண்டு பக்கத்துக் கழுத்துகளும் நீண்டன.

ஜனாதிபதிக்கு அவள் எடுத்தது நாலு செக்கன்.

பிறகு தாளைப் புரட்டினாள்.

மற்றப் பக்கத்தில் மாநிலப் பொருளாளர், மாநில சபை உறுப்பினர், கடைசியில் ஒரு கேள்வி: ஊர் நூலகத்துக்காக வீட்டு வரியைக் கொஞ்சம் கூட்டலாமா? அதற்கு இரண்டு நிமிடம் யோசித்தாள். ஆம் என்று நிரப்பினாள்.

இன்னொரு துண்டு இறைச்சி எடுக்க வந்த வேரோனிக்கா தட்டோடு நின்றாள்.

"மச்சாள், எனக்கு வந்தது அரைப் பக்கம். மூண்டு வட்டம், முடிஞ்சுது. உங்களுக்கென்ன ரெண்டு பக்கம்?"

"மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம்," என்றாள் யூஜினி. அது முழுப் பொய்யும் இல்லை.

சீட்டை மடித்து உள் உறையில் வைத்தாள். அதை வெளி உறையில் வைத்தாள். கையெழுத்து, திகதி. நாக்கால் நனைத்து ஒட்டி, உள்ளங்கையால் மூன்று தரம் தேய்த்தாள். முத்திரையை மூலை பிசகாமல் ஒட்டினாள்.

தபால்பெட்டிக்கு யார் கொண்டுபோவது என்று பிரச்சினை வந்தது. மாமன் கையில் கொடுக்க மருமகன் விடவில்லை. மருமகன் கையில் கொடுக்க மாமன் விடவில்லை. கடைசியில் யூஜினி சப்பாத்தைப் போட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகக் கூடவே நடந்தார்கள்.

சந்தியில், சிவப்புப் பெட்டிக்கு முன்னால், ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அது ரகசியம்."

அவள் ரகசியமாக வைக்காததும் ஒன்று இருந்தது. அதை ஒருவரும் கேட்கவில்லை. வாக்குச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிற படிவத்தை ஆடி மாதம் றோய்தான் பிரதி எடுத்துக் கொடுத்தான். யூஜினியும் வேரோனிக்காவும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து நிரப்பினார்கள். அமெரிக்காவுக்குத் திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற கட்டத்தில் அடையாளம் போடுகிறவர்களுக்கு, ஊர் விஷயங்கள் இல்லாத அரைப் பக்கச் சீட்டுத்தான் வரும். வேரோனிக்கா அதில் போட்டாள்.

யூஜினி அதற்கு மேலே இருந்த கட்டத்தில் போட்டாள். திரும்பி வருவேன்.

பெட்டியின் வாயைத் திறந்து கடிதத்தைப் போட்டாள். மூடி, உள்ளே விழுந்துவிட்டதா என்று மறுபடி திறந்து பார்த்தாள்.

விழுந்திருந்தது.