சாம்பியன் கதவைத் திறக்கவில்லை

"நான் வரமாட்டேன்! அந்த கேம்புக்கு வேற யாரையாச்சும் இட்டுகினு போங்க!"

மாட்டுக் கொட்டகைக்குள்ளிருந்து குரல் வந்தது. கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

வெளியே நின்ற ஸௌரிராஜன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். சைக்கிள் சங்கத்தின் செயலாளராகிப் பத்து நாள்தான் ஆகிறது. ரேணிகுண்டாவில் நடந்த பி.எம்.எக்ஸ். பந்தயத்தில், மண்மேடுகளைத் தாண்டி முதலாவதாக வந்த செங்கம்மாவைத் தேசியப் பயிற்சி முகாமுக்கு அனுப்பிவைப்பது அவருடைய முதல் வேலை. சாம்பியனின் முகத்தையாவது பார்க்கலாமென்று திருப்பதியிலிருந்து மூன்று பஸ் மாறி சாந்திபுரம் வந்திருந்தார். இதுவரை பார்த்தது கதவைத்தான்.

பக்கத்தில் வீட்டுக்காரர் துலுக்காணமும், இடது கையைத் தூளியில் தொங்கவிட்டிருந்த மகள் பத்மினியும் நின்றார்கள். ஸ்ரீ சிட்டி செல்போன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு நாலு வருஷம் இந்தப் பந்தயத்துக்கே பழகியவள் பத்மினி. அதே ரேணிகுண்டா பந்தயத்தில் முதல் வளைவிலேயே விழுந்து தோள்பட்டை எலும்பு முறிந்துபோனது.

"ஒரு வீட்டுல ரெண்டு ரேஸ்காராளா! கொடுத்துவெச்சவரய்யா நீர்" என்றார் ஸௌரிராஜன்.

துலுக்காணம் துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

ஸௌரிராஜன் கதவருகே போய்க் குரலைக் கனிவாக்கினார். "கொழந்தே, சொல்றதைக் கேளு. மூணே மாசம். ராஜ வாழ்க்கை. ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கணும். அது அங்கே சட்டம்."

"ஒம்போது மணி நேரம் தூங்க நான் இன்னா சீக்காளியா?" அழுது அழுது அந்தக் குரல் கட்டிப்போயிருந்தது.

"மத்தியானம் இன்னும் ஒரு மணி நேரம்."

"பட்டப்பகல்ல தூங்கினா தெருவுல போறவங்க இன்னா நெனப்பாங்க?"

"தினம் எட்டு முட்டை." அந்த வார்த்தையை மட்டும் ஸௌரிராஜன் மெதுவாகச் சொன்னார். அவர் வீட்டில் அதைச் சொல்லும் வழக்கமில்லை.

"எட்டா? எங்கூட்ல இருக்கறதே அஞ்சு கோழி. அதுல ஒண்ணு அடையில கீது."

"முகாம்ல தருவாம்மா! கார்த்தால சைக்கிளுக்கு முன்னாடி இருக்கற கேட் நாற்பது தரம் விழும், நாற்பது தரமும் பாயணும். அப்புறம் எண்பது கிலோ எடையைத் தூக்கிண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்கணும்."

"அது புல்லுக்கட்டு. தெனம் தூக்கிக்கினுதான் கீறேன். ரேஸ் எவ்ளோ நேரம் சார்?"

"நாற்பது செகண்ட்."

"நாப்பது செகண்டுக்கா மூணு மாசம்?"

இதே கேள்வியை ஸௌரிராஜனின் மனைவியும் காலையில் கேட்டிருந்தாள்.

உள்ளே குரல் உடைந்தது. "பத்மினிய அனுப்புங்க சார். பாடுபட்டவ அவ. அவ மெடல நான் திருடிட்டேன்."

"ரூல் இல்லையேம்மா. கோட்டைத் தாண்டினவாளுக்குத்தான் இடம்."

பத்மினி கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள். "நீ ஒண்ணும் திருடல. நான் வுழுந்தேன், அவ்ளோதான். நீ போவலன்னா அந்த எடம் வேற ஊருக்குப் பூடும். நமக்குன்னு இருந்த ஒரே கடலக்கொல்லைய நைனா ஜேசிபிய வுட்டு மேடு மேடா ஆக்கினாரே, எனக்காவத்தானே? இப்ப அதுல ஒண்ணும் வெளையாது. நாம ரெண்டு பேருமே போவாம வுட்டா அவரு மூஞ்சில எப்பிடி முழிக்கறது?"

துலுக்காணம் வேறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸௌரிராஜன் பையிலிருந்து முகாம் ஆர்டரை எடுத்துப் பிரித்து, கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு படித்தார். "இருங்கோ. சாம்பியனுக்கு ஒத்தாசையா குடும்பத்துலேர்ந்து ஒருத்தர் வந்து தங்கலாம்னு போட்டிருக்கே!"

பத்மினி நிமிர்ந்தாள். "ஒத்தாசைக்கு வர்றவங்க ட்ராக்குல ஓட்டலாமா சார்?"

"வாராவாரம் நேரம் எடுப்பா. முகாம்ல இருக்கற யார் வேணும்னாலும் ஓட்டிக் காட்டலாம். யாருக்கு நேரம் கம்மியோ அவாதான் வெளிநாட்டுப் பந்தயத்துக்குப் போவா."

"ஆறு வாரத்துல எலும்பு கூடிடும்னு டாக்டர் சொன்னாரு" என்றாள் பத்மினி கதவைப் பார்த்து. "அப்பவும் கேம்புல ஆறு வாரம் மிச்சம் இருக்கும்."

உள்ளே காலடிச் சத்தம் கதவருகே வந்தது.

"அவளும் வர்றான்னா வரேன். காயிதத்தக் குடுங்க."

ஆர்டர் கதவிடுக்கு வழியே உள்ளே போய், கையெழுத்தோடும் கொஞ்சம் சாணியோடும் திரும்பி வந்தது. ஸௌரிராஜன் அதில் சீல் குத்திக் கையெழுத்திட்டார். துலுக்காணம் அதுவரை அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார்.

தாழ் விலகியது. ஸௌரிராஜன் பையிலிருந்த சால்வையை எடுத்து விரித்துப் பிடித்தார்.

தலையெல்லாம் வைக்கோலாக, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வெளியே வந்தாள்.

"கொஞ்சம் நகருங்கோம்மா, சாம்பியன் வரட்டும்" என்றார் ஸௌரிராஜன்.

"இதுதான் சார் சாம்பியன், எங்கம்மா" என்றாள் பத்மினி. "எட்டுப் பேர் இல்லன்னா ரேஸே கெடையாதுன்னுட்டாங்க, என்னையும் சேத்து ஏழு பேர்தான் வந்திருந்தோம். கணக்குக்கு இவங்கள நிக்க வெச்சேன். மொத வளைவுல நாங்க ஏழு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுந்து ஆஸ்பத்திரிக்குப் பூட்டோம். சைக்கிள்ல ஏறவே தெரியாத எங்கம்மா, தள்ளிக்கினே நடந்து போய் ஜெயிச்சிடுச்சி!"