அத்தை ஓட்டு யாருக்கு?

"இந்த வீட்டு ரொட்டியைத் தின்னுக்கிட்டே ஜெனரலுக்குக் குழி தோண்டறீங்களா மாப்பிள்ளை?"

எடுவிகிஸ் அம்மாள் தேநீர்க் கோப்பையை டொக்கென்று வைத்தாள். செத்துப்போன கர்னலின் மனைவி. மார்பில் 'ஆம்' பேட்ஜ். தூங்கும்போதுகூட அதைக் கழற்றுவதில்லை என்று மகள் ஃப்ரேசியா கிண்டல் செய்வாள்.

ஜெனரல் இன்னும் எட்டு வருஷம் சிலி நாட்டை ஆளலாமா? 'ஆம்', 'இல்லை' இரண்டில் ஒன்றுக்கு அடுத்த மாதம் ஓட்டு. பதினைந்து வருஷ ராணுவ ஆட்சியில் முதல் தடவையாக, எதிர்த்தரப்புக்கும் டிவியில் தினம் கால் மணி நேரம் கிடைத்திருந்தது.

அதுவரை சோப்புக்கும் குளிர்பானத்துக்கும் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ரோசமெல், இப்போது 'இல்லை'க்கு எடுக்கிறான்.

"சிரிக்கிறாங்க, ஆடறாங்க. இது அரசியலா, ஷாம்பூவா?"

"ஷாம்பூ மாதிரியே விக்குது அத்தை. அதான் உங்களுக்குக் கோபம்."

"விக்காம என்ன? என் பொண்ணுகிட்ட உங்களையே வித்தவராச்சே!"

ஜன்னலோரம் நின்ற ஃப்ரேசியா சிரிக்கவில்லை.

"ரோசமெல், இங்க வந்து பாரு."

தெருமுனையில் நம்பர் பிளேட் இல்லாத கார். உள்ளே ரகசியப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர்.

ஸ்டுடியோவில் வைத்தால் ஆபத்து என்று, நாளைக்குப் போட வேண்டிய 'இல்லை' விளம்பரக் கேசட்டை ரோசமெல் வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தான். மதியத்துக்குள் அது டிவி நிலையத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் நாளைக்கு அவர்களுடைய கால் மணி நேரம் வெறும் இருட்டு.

"பின்வாசல் வழியா?"

"அங்கேயும் ஒருத்தன் நிக்கிறான்."

அத்தை எழுந்தாள். மேஜைமேல் இருந்த கேசட்டை எடுத்துத் தன் பின்னல் பையில், கம்பளி நூலுக்கு அடியில் செருகினாள். கதவைத் திறந்துகொண்டு நேராக அந்தக் காரை நோக்கி நடந்தாள்.

"அம்மா!"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காருக்குள் குனிந்து என்னவோ பேசினாள். கையை நீட்டி வீட்டைக் காட்டினாள். ஒருவன் இறங்கிப் பின்கதவைத் திறந்துவிட்டான். அவள் ஏறிக்கொள்ள, கார் கிளம்பிப் போனது.

"பெத்த அம்மாவே காட்டிக் கொடுத்துட்டாளே!" ஃப்ரேசியா உட்கார்ந்து அழுதாள்.

"திட்டாதே. அவங்க நம்பறதை அவங்க செய்யறாங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவனுக்காகக் கம்பளிக் காலுறைகளை எடுத்து வைத்தாள். சிறையில் குளிரும்.

போன் அடித்தது. டிவி நிலையத்து நண்பன்.

"கேசட் வந்துடுச்சுப்பா. ஆனா யாரு அந்த அம்மா? போட்டுக் காட்டு, ஒழுங்கா ஓடுதான்னு பாத்துட்டுத்தான் போவேன்னு ஒரே அடம்!"

மதியச் சாப்பாட்டுக்கு அத்தை பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

"எப்படி அத்தை?"

"என்ன எப்படி? நான் கர்னல் பெண்டாட்டி, இதுதான் என் வீடு, முழங்கால் வலி, டிவி நிலையத்துக்குப் பக்கத்து சர்ச்சுல பூசைன்னேன். பாவம் பசங்க, கையைப் பிடிச்சு இறக்கிவிட்டாங்க."

ரோசமெல் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டான். "அப்ப நீங்களும் எங்க பக்கம்தான்!"

"சீ, இறக்கி விடுங்க! என் ஓட்டு ஜெனரலுக்குத்தான். அதுல மாத்தமே இல்லை."

"பின்ன ஏன் இவ்வளவு பண்ணீங்க?"

அத்தை நாற்காலியில் சாய்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள்.

"எதிராளி வாயைக் கட்டிட்டு ஜெயிக்கிறது ஒரு ஜெயமா மாப்பிள்ளை? நீங்க சொல்றதை ஊரே கேக்கட்டும். அதுக்கப்புறம் உங்களைத் தோக்கடிச்சாத்தான் எனக்கு மரியாதை!"