சூரியனுக்கு முன்னால் இருவர்

"அந்த ரெண்டு பேரையும் யாராவது கடல்ல தள்ளி விடுங்களேன்!"

பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பிரேபன். காமெரா முக்காலியில் தயாராக நின்றது. இடப்பக்கம் டென்மார்க்கின் மோன் தீவின் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள், வலப்பக்கம் பால்டிக் கடல், நடுவே இன்னும் கொஞ்ச நேரத்தில் சூரியன். எல்லாம் அவர் நினைத்தபடியே இருந்தது. அந்தச் சூரியன் வரப்போகிற இடத்தில்தான் ஒரு பெண்ணும் பையனும் வந்து நின்றுகொண்டார்கள்.

"கத்தாதேய்யா. காப்பி குடி" என்று பிளாஸ்கைத் திறந்தாள் லிஸ்பெத்.

"காப்பியா? இன்னிக்கு சாயங்காலம் நம்ம புகைப்படச் சங்கத்துல படத்தைத் தேர்ந்தெடுக்கறாங்க. நூலகத்துச் சுவர்ல மாட்டப்போற படம்! மூணு வருஷமா அந்த பிளெமிங் எடுத்த படம்தான் தொங்குது. ஆளில்லாத இயற்கைக் காட்சிதான் வேணும்னு விதியே இருக்கு. என் படத்துல மட்டும் எவனாவது வந்துடறான்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. முதல் வருடம் ஒரு நாய் வந்தது. அடுத்த வருடம் ஒரு படகு. போன வருடமோ, சூரியன் எழுந்த அதே நொடியில் குளிர்காலக் குளியல் சங்கத்துப் பெரியவர் ஒருவர் பிறந்த மேனியாகக் கடலிலிருந்து எழுந்தார். அந்தப் படத்தைப் பார்த்துப் புகைப்படச் சங்கமே வயிறு வலிக்கச் சிரித்தது. மனைவி விவாகரத்து வாங்கிக்கொண்டு போனபோதுகூட பிரேபன் அவ்வளவு நொந்துபோகவில்லை.

"நேத்தே வந்திருக்கலாம். வானம் துடைச்சு வச்ச மாதிரி இருந்துச்சு. நீதான் நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம்னு அடம் பிடிச்ச" என்று அடுத்து லிஸ்பெத்தின் மேல் பாய்ந்தார்.

"இன்னிக்கு நல்ல நாள்னு தோணுச்சு."

"நீ பறவை படம் எடுக்கறவ. உனக்குச் சூரியனைப் பத்தி என்ன தெரியும்? அதென்ன, உதட்டுச் சாயமெல்லாம்? பாறைக்குக் காட்டவா?"

லிஸ்பெத் பிளாஸ்கை மூடினாள். கணவர் இறந்த பிறகு சங்கத்தில் சேர்ந்தவள். பிரேபன் போகிற பனிக்கும் சேற்றுக்கும் கூடவே பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு போகிற ஒரே ஜீவன் அவள்தான். ஏன் வருகிறாள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. வெளிச்சத்தைப் பற்றி யோசிக்கவே அவருக்கு நேரம் போதவில்லை.

"பிரேபன், உன்கிட்ட ஒண்ணு..."

"அப்புறம் சொல்லு! கிழக்கு வெளுக்குது பார்!" வாயருகே கைகளைக் குவித்துக் கத்தினார். "ஏய் தம்பி! கொஞ்சம் தள்ளிப் போங்க! படம் எடுக்கறோம்!"

அந்தப் பெண் திரும்பினாள். "ரெண்டே நிமிஷம் சார்!"

"சூரியன் ரெண்டு நிமிஷம் காத்திருக்காதும்மா!"

"உங்க சூரியன் நாளைக்கும் வரும் சார்! எனக்கு இன்னிக்கு விட்டா ஆகாது!"

"கையில காமெராகூட இல்ல, இவளுக்கு என்ன அவசரம்?" பிரேபனுக்கு மூக்கு சிவந்தது. குளிரால் பாதி, கோபத்தால் பாதி. "லிஸ்பெத், நீ போய்ச் சொல்லு. நான் போனா அடிதடி ஆயிடும்."

லிஸ்பெத் கூழாங்கற்களில் தடுமாறி நடந்து போனாள். அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்து ஏதோ பேசினாள். அந்தப் பெண் ஏதோ கேட்டாள். லிஸ்பெத் தலையை ஆட்டினாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பையன் ஒன்றும் புரியாமல் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

லிஸ்பெத் திரும்பி வந்தாள். அவர்கள் அங்கேயேதான் இருந்தார்கள்.

"என்ன சொன்ன?"

"நல்லா இருங்கன்னு சொன்னேன்."

"அட கடவுளே! நகரச் சொல்லுன்னு அனுப்பினா..."

அதற்குள் கடலின் விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு கிழிந்தது. பாறைகள் ரோஜா நிறமாகின. இப்படி ஓர் உதயத்தை பிரேபன் பார்த்ததே இல்லை. சரியாக அதன் நடுவில் அந்தப் பெண் பையனின் கைகளைப் பிடித்து ஏதோ சொன்னாள். அவன் மரம் மாதிரி நின்றான். பிறகு அவளை அப்படியே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். சூரியன் முழுசாக மேலே வரும்வரை இறக்கிவிடவே இல்லை.

"போச்சு. இந்த வருஷமும் பிளெமிங்தான்" என்று முக்காலியருகே கல்லில் உட்கார்ந்துவிட்டார் பிரேபன். அவருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. "இன்னிக்கு அப்படி என்னதான் விசேஷம் இவங்களுக்கு?"

"பிப்ரவரி இருபத்தொன்பது."

பிரேபன் வாயைப் பிளந்தார். நான்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த ஒரு நாளில், டென்மார்க்கில் பெண்ணே ஆணிடம் 'என்னைக் கட்டிக்கொள்கிறாயா?' என்று கேட்கலாம். மாட்டேன் என்பவன் அவளுக்குப் பன்னிரண்டு ஜோடி கையுறை வாங்கித் தர வேண்டும். வழக்கம் அவருக்குத் தெரியும், தேதிதான் தெரியவில்லை. நாட்காட்டியில் உதய நேரத்தைத் தவிர வேறெதையும் அவர் பார்ப்பதில்லை.

"ஓ... அந்தப் பொண்ணு அதைக் கேக்கத்தான் வந்தாளா? அதை உன்கிட்ட சொன்னாளா?"

"சொல்லல. 'நீங்களும் அதுக்குத்தான் வந்திருக்கீங்களா?'ன்னு கேட்டா. ஆமான்னேன்" என்ற லிஸ்பெத், அவருக்கும் சூரியனுக்கும் நடுவில் வந்து நின்றாள். "யோசிச்சுச் சொல்லு பிரேபன். என் கை அளவு ஏழு."