காரம் போகாத நார்

பெரிய வெள்ளியன்று உபவாசம் இருந்ததால், லில்லிபாய் அன்னாசி நாரை நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. சோடாக் காரத்தில் ஊறவைத்த நாரைக் கழுவிய பின், காரம் முழுதும் போய்விட்டதா என்று அந்தத் தொழிற்கூடத்துப் பெண்கள் அப்படித்தான் அறிவார்கள். காரம் மிஞ்சிய நார் ரப்பரோடு ஒட்டாது. நாளடைவில் பிரிந்து கிழியும். அங்கே அவர்கள் செய்வது மனிதருக்குப் பொருத்தும் செயற்கை இதயம்.

பதினோராம் நாள், அன்றைய நார்க்கட்டிலிருந்து மீந்திருந்த ஓர் இழையை நுனிநாக்கில் வைத்தாள். சுரீரென்றது. மேற்பார்வையாளர் தாசையனிடம் ஓடினாள்.

"அண்ணே, பெரிய வெள்ளி நாருல செய்த இதயம் எங்க போச்சு?"

அவர் மருத்துவமனையை அழைத்தார். நோயாளியின் நெஞ்சைத் திறந்தாயிற்று. இதயத்தை இன்னும் பொருத்தவில்லை. வேறொன்று உடனே வேண்டும். கூடத்தில் ஒன்றுதான் இருந்தது. அது மறுநாள் தாசையனின் மனைவி ரோசம்மாளுக்கு வைக்கவேண்டியது.

தாசையன் வீட்டுக்குப் போன் செய்து விவரத்தைச் சொன்னார். லில்லிபாய் கர்த்தரை அழைத்தபடி நின்றாள்.

"அதைக் குடுத்து விடுங்க," என்றாள் ரோசம்மாள். "எனக்க நெஞ்சு இன்னும் அடிக்குதுல்லா. அந்தாளுக்குத் திறந்தில்லா கெடக்கு. லில்லியைத் திட்டாதீங்க. அவ சொல்லாம இருந்தா யாருக்குத் தெரியும்? காலையில என்னத்தையாவது தின்னாளான்னு கேளுங்க."

இதயத்தை ஏற்றிய வண்டி கிளம்பியதும் லில்லிபாய் புது நாரைத் தொட்டியில் இறக்கினாள். இந்த நார் இதயமாகப் பதினொரு நாள் ஆகும். ரோசம்மாளுக்கு மருத்துவர் சொல்லியிருந்த கெடு முடிய இன்னும் பன்னிரண்டு நாள்.