தமிழ் வசனம் எப்படி?

“தலையைச் சீவினான் பாருங்க, அப்பத்தான் எனக்கு மனசே ஆறுச்சு” என்றார் சரோஜம்மாள். மண்டப வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

“யார் தலைங்கம்மா?”

“அந்த இரும்புத் தலைதாங்க. உருண்டு போயி, நட்டு போல்ட்டெல்லாம் கொட்டிச்சே!”

மூக்கண்டப்பள்ளிக் கல்யாண மண்டபத்தில் அன்று ஓர் அனிமேஷன் தொடரின் முதல் பாகத்தைப் போட்டுக் காட்டியிருந்தார்கள். எதிர்காலத்திலிருந்து வந்து இறங்கும் ரோபோக்களோடு ஒற்றை வாளை வைத்துக்கொண்டு மோதும் சாமுராயின் கதை. பார்த்தவர்கள் நாற்பது பேரும் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைக் குடும்பங்கள்.

அதற்குத் தமிழ் வசனம் எழுதியவள் நிர்மலா. பகலில் கியர் கம்பெனியில் தரப் பரிசோதனை, மாலையில் ஜப்பானிய மொழி வகுப்பு. சிவகங்கையிலிருந்து ஓசூருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது.

எழுதியவர் உள்ளே உட்காரக் கூடாது என்பது டப்பிங் கம்பெனியின் விதி. கம்பெனி ஆள் சிவராஜ் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவரும் படம் முடியும்வரை வாசலிலேயே போன் பேசினார். “இன்னிக்கு இங்க, நாளைக்கு அத்திப்பள்ளில கன்னடம், நாளன்னிக்குக் குப்பத்துல தெலுங்கு. எல்லாம் பக்கா பிளான் சார்.”

கருத்துப் படிவத்தில் நான்காவது கேள்வி, ‘தமிழ் வசனம் எப்படி?’ ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். சராசரி நாலைத் தொட்டால் மீதி இருபத்தைந்து பாகமும் நிர்மலாவுக்கு. தொடாவிட்டால் சென்னையில் வேறு ஆள் தயார்.

நிர்மலா நோட்டைத் திறந்து கோடு போட்டு, ‘குறை’, ‘திருத்தம்’ என்று இரண்டு பத்தி பிரித்துக்கொண்டாள். ‘நிறை’ என்று ஒன்று போட அவளுக்குத் தோன்றவில்லை.

“கதை எப்படிங்கண்ணா?”

லேத் ஆபரேட்டர் விஜயகுமார் யோசித்தார். “அந்த ரோபோவுக்குக் காலாகாலத்துல கிரீஸ் அடிச்சிருந்தா சாமுராய் தோத்திருப்பாம்மா. மெயின்டனன்ஸ் சரியில்ல.”

“கத்தியில அவ்ளோ பொறி பறக்குது, ஒருத்தனாச்சும் கண்ணாடி போட்டிருந்தானா?” என்றார் அவர் மனைவி சாந்தம்மா.

“வசனம்?”

“அது நம்ம வீட்ல பேசறாப்லயே இருந்துச்சும்மா” என்றார் விஜயகுமார். “டப்பிங்னே தெரியல.”

சரோஜம்மாள் குறுக்கே வந்தார். “தலை போறதுக்கு முன்ன ‘பிட்டுபிடு, பிட்டுபிடு’ன்னு கெஞ்சுச்சே! இரும்புக்கு அப்படி ஒரு குரலா?”

நிர்மலா நிமிர்ந்தாள். அவள் எழுதியது ‘விட்டுவிடு’. நோட்டைப் புரட்டிப் பார்த்தாள், விட்டுவிடுதான். குரல் கொடுத்தவருக்கு வகரம் வராதோ? ‘குறை’ பத்தியில் எழுதினாள்: ‘வ உச்சரிப்பு சரியில்லை. தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.’

சிவராஜ் படிவங்களைக் கூட்டி முடித்தார். முப்பத்தொன்பது பேர் ஐந்து. ஒரே ஒருவர் ஒன்று. “சராசரி நாலு புள்ளி ஒம்போது மேடம்! இருபத்தஞ்சு பாகமும் உங்களுக்குத்தான்.”

நிர்மலாவின் கண்ணில் முப்பத்தொன்பது படவில்லை. அந்த ஒன்றுதான் பட்டது.

போட்டவர் மதுரைவீரன். ராமநாதபுரத்திலிருந்து போன வாரம்தான் சூளகிரிப் பக்கம் வேலைக்கு வந்த வெல்டர்.

“எந்த இடம் சரியில்லண்ணே? சொன்னா திருத்திக்குவேன்.”

மதுரைவீரன் தலையைச் சொறிந்தார். “கோவிச்சுக்கிராத தாயி. வார்த்த வெளங்கல.”

“எந்த வார்த்தைண்ணே?”

“எல்லா வார்த்தையுந்தேன்.”

வாசலே சிரித்தது. “தமிழ் தெரியாத ஆளையெல்லாம் எதுக்குப்பா உள்ள விட்டீங்க?” என்றார் விஜயகுமார். “ஓசூருக்கு வந்துட்டா ஓசூர்த் தமிழ் கத்துக்கணும்ங்க” என்றார் சரோஜம்மாள், இரக்கத்தோடு.

நிர்மலா எழுதிக்கொண்டிருந்தாள். ‘எங்கள் பக்கத்து ஆளுக்கே புரியாத தமிழ்.’ எழுத்து கோணிக்கொண்டு போனது. மதுரைவீரன் அவள் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

“ஏங்காதுலதேன் கோளாறு இருக்கும். நம்ம சீமப் புள்ள பொழப்ப நான் கெடுக்கவா?” என்று படிவத்தைத் திரும்ப வாங்கினார். ஒன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டார். அது போதாதென்று பக்கத்தில் ‘அருமையான தமிழ்’ என்று எழுதிக் கையெழுத்தும் இட்டார்.

சிவராஜ் நாற்பது படிவங்களையும் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். எல்லோரும் கை தட்டினார்கள். நிர்மலா தயங்கித் தயங்கி, நோட்டில் ‘நிறை’ என்று மூன்றாவதாக ஒரு பத்திக்குக் கோடு போட்டாள்.

அப்போது திரையைச் சுருட்டி வைத்துவிட்டு, படம் ஓட்டிய ஹரீஷ்குமார் வெளியே வந்தான். அவன் கையில் உறை பிரிக்காத பென் டிரைவ் ஒன்று இருந்தது.

“சார், ஓடினது கன்னடம்.”